கட்டிங் மேசையும் கட்டைவிரலும்

என் வீட்டுக்காரர் சோபா செய்கிறவர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் ஃபோம்தான் மருந்து என்று நம்புகிறவர். கதவு காற்றில் அடித்துக்கொண்டால் விளிம்பில் ஒரு துண்டு ஃபோம். மேசை ஆடினால் அதன் காலுக்கடியில் ஒரு துண்டு ஃபோம். எனக்குத் தலைவலி என்றால்கூட தலையணையைப் பிரித்து உள்ளே வேறு ஃபோம் வைத்துத் தைத்துவிடுவார். அதனால் எனக்கு முழங்கால் வலி வந்தபோது அவர் என்ன செய்திருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு ரெடிமேட் துணிப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேசைமேல் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவார்கள். மேல் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, கையில் பிடிக்கிற மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டி மொத்த அடுக்கையும் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை நின்றபடிதான் வேலை. தையல்காரர்கள் தப்பு செய்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். நான் தப்பாக வெட்டினால் வெட்டியதுதான், ஆண்டவனே வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

வலி முதலில் இடது முழங்காலில்தான் எட்டிப் பார்த்தது. பிறகு இடுப்புக்கும் ஏறி அங்கேயும் குடிவந்துவிட்டது. நொண்டுகிறவளைக் கண்டால் தெருவில் போகிறவனுக்கெல்லாம் வைத்தியம் தெரிந்துவிடுகிறது. ஒருத்தர் வெந்நீர் என்றார், ஒருத்தர் ஐஸ் என்றார். உடம்பைக் குறை என்று என் நாத்தனார் போனில் சொன்னாள். அவள் என்னைவிட இரண்டு சுற்று பெருத்தவள் என்பதை அப்போது நினைவுபடுத்தாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மட்டும் பேசவில்லை, செயலில் இறங்கினார். என் ஷூவுக்குள் கால் வடிவத்தில் ஃபோம் வெட்டி வைத்தார். சுகமாகத்தான் இருந்தது. வலி திரும்பி வந்ததும் அதன்மேல் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கடைசியில், நான் நிற்கிற இடத்துக்கென்றே தடிமனான ஃபோமில் ஒரு மெத்தை செய்து, கரும்சிவப்பு ரெக்சின் போர்த்தி, ஓரத்தில் பைப்பிங்கெல்லாம் வைத்துத் தைத்து, பட்டறைக்கே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். துணி விரிக்கிற நெட்டையன் அதைப் பார்த்துவிட்டு, "மகாராணி மேடை ரெடி. கிரீடம் எப்பக்கா வருது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. எத்தனை பேருக்குப் புருஷன் இப்படிச் செய்து தருவான்?

ஆனால் வலி குறையவில்லை. மெத்தைமேல் நிற்க நிற்கக் கால் ஒரு பக்கமாக அமிழ்ந்தது. நான் மேசையில் வயிற்றை முட்டுக்கொடுத்து, வலது காலில் மொத்த பாரத்தையும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன்.

ஒருநாள் காலை தையல் பகுதியிலிருந்து பேன்ட் துண்டுகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. முதலாளியம்மா என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டார். அதட்டிப் பேசாதவர். அதட்டினாலாவது நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

"இது மேல இருந்த பீஸ். இது அடியில இருந்தது. நீயே பாரு."

அடித்துண்டு தொடைப் பக்கத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே அளவு என்று தைத்தால் ஒருத்தனுக்குத் தொளதொளவென்றும் இன்னொருத்தனுக்குச் சரியாகவும் இருக்கும்.

"மெஷின் சாஞ்சிருக்கு," என்றார்.

"மெஷின் சாயலக்கா. நான்தான் சாஞ்சேன்," என்றேன். துண்டு கையில் இருக்கும்போது பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?

"நீ மேசைல முட்டுக்கொடுத்து நிக்கிறத நான் பாக்கலேன்னு நினைச்சியா? பேசாம செக்கிங்குக்கு வந்துடு. நாற்காலி போட்டுத் தரேன். உக்காந்து நூல் பிசிர் வெட்டு, பட்டன் பாரு. உன் மரியாதை ஒண்ணும் குறையாது."

செக்கிங் கேவலமான வேலை இல்லை. அது என் வேலை இல்லை, அவ்வளவுதான். துணியை வெட்டும்போது எனக்குள் ஒரு அமைதி வரும். வீட்டில், கடையில், வேறு எங்கேயும் எனக்கு அது வந்ததில்லை. அதை விட்டுவிட்டு யாரோ வெட்டியதில் நூல் பிசிர் பார்க்க என்னால் முடியாது.

"ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வரைக்கும் டைம் குடுங்கக்கா. அதுக்கு இன்னும் சில மாசம் இருக்கே."

அவர் இரண்டு துண்டுகளையும் மடித்து வைத்தார். "சரி. அதுவரைக்கும் சின்ன அடுக்கு மட்டும் வெட்டு. யூனிஃபார்ம்ல ஒரு பீஸ் சாஞ்சாலும் நாற்காலிக்கு வந்துடணும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அந்த வாரமே ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். பிசியோவுக்கு என் தம்பி வயதிருக்கும், தொப்பை போட்டவர். இவரே உடற்பயிற்சி செய்வதில்லை போலிருக்கிறதே, நமக்கு என்ன சொல்லித்தரப்போகிறார் என்று எனக்கு முதலில் இளக்காரம்தான். முழங்காலை இரண்டு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, என்னை வெறுங்காலில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றேன். நின்றேன் என்பதைவிட, சுவரைப் பிடிக்கப் பாய்ந்தேன் என்பதுதான் சரி.

அவர் முழங்காலை விட்டுவிட்டுப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வலி முட்டியில," என்றேன். பல்வலி என்று போனால் காதை எட்டிப் பார்க்கிற வைத்தியரிடம் மாட்டிக்கொண்டோமோ என்று பட்டது.

"தெரியுதும்மா. நீங்க நிக்கும்போது உங்க பாதம் உள்பக்கமா சரிஞ்சு தரையில ஒட்டிடுது. பாதம் சரிஞ்சா கணுக்கால் திரும்பும், அது திரும்பினா முட்டி இழுபடும். முட்டி பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு அடி வாங்குது." பிறகு என் ஷூவைக் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டு ஒரு ஃபோமை உருவினார். இரண்டாவதை உருவினார். மூன்றாவது வந்ததும் சிரித்துவிட்டார். "யாரு செஞ்சது இது?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "நல்ல கெட்டியான ஃபோம் சார். சீக்கிரம் அமுங்காது."

"நீங்க சோபா பண்றவரா? அப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு சோபாவோட கால் ஒண்ணு சாஞ்சிருக்கு. சத்தம் எங்கேருந்து வரும்?"

"ஜாயின்ட்லேருந்துதான். அங்கதான் கிறீச்சுங்கும்."

"மேல குஷனைக் கூட்டினா சத்தம் நின்னுடுமா?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் செய்ய முடியாத காரியத்தை அந்தத் தொப்பைக்காரர் ஒரே கேள்வியில் செய்துவிட்டார்.

பாதத்துக்குள் சின்னச் சின்னத் தசைகள் ஏராளம் இருக்கின்றன, எப்போதும் மெத்தைமேலேயே வைத்திருந்தால் அவற்றுக்கு வேலை இல்லாமல் சோம்பிப் போகும், அவற்றை வேலை வாங்கினால் முழங்காலின் பாரம் குறையும் என்று பிசியோ சொன்னார். எல்லா முட்டிவலிக்கும் இது மருந்தில்லை, உங்கள் முட்டி உள்ளே தேயவில்லை, அதனால் பலன் இருக்கும் என்றும் சொன்னார். பிறகு பயிற்சி கற்றுக்கொடுத்தார். பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டிச் சுருட்டி இழுக்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். விரல்களை மடக்காமல் பாதத்தின் நடுவை மட்டும் குழித்து உயர்த்த வேண்டும். பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கடைசியாக, மற்ற நான்கு விரல்களும் தரையில் இருக்க, கட்டைவிரலை மட்டும் தனியாகத் தூக்க வேண்டும்.

இதில் கடைசியைக் கேட்டு நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முயன்றபோது சிரிப்பு போய்விட்டது. தூக்கு என்றால் ஐந்தும் தூக்கிக்கொண்டு எழுந்தன. இல்லையென்றால் ஐந்தும் செத்தது போலக் கிடந்தன. என் உடம்பிலேயே இருந்துகொண்டு, நான் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, என் பேச்சைக் கேட்காத ஒரு விரல்! குனிந்து அதை முறைத்தேன். கையால் மற்ற விரல்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினேன். அது அசையவே இல்லை.

வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் உன் காலைக் கெடுத்துட்டேன்னு அந்த ஆளு சொல்றான்."

"அவர் எங்க அப்படிச் சொன்னார்? சிரிச்சார், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் சமாதானம் சொல்ல எனக்கு அப்போது பொறுமை இல்லை. யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்குமேல் நின்றது. பாதத்துக்கு மெத்தை ஆகாது என்றால் மெத்தையே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். எதையும் பாதியாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. மறுநாளே ரெக்சின் மெத்தையைச் சுருட்டி மூலையில் சாத்தினேன். ஷூவுக்குள் இருந்த மூன்றையும் எறிந்தேன். தட்டையான செருப்பில், வெறும் சிமென்ட் தரையில் நாள் முழுக்க நின்று வெட்டினேன். வீட்டிலும் வெறுங்கால்தான். இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கினது போல ஒரு வலி. அம்மா என்று கத்தியே விட்டேன்.

பிசியோ தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வருஷக்கணக்கா தூங்கிட்டிருந்த பாதம். எழுப்பணும்னா மெதுவா தோளைத் தட்டி எழுப்பணும். நீங்க ஒரு குடம் தண்ணியத் தலையில கொட்டியிருக்கீங்க. நான் மெத்தையே கூடாதுன்னு எப்பச் சொன்னேன்? கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. கனத்தைக் குறைங்க, பழகினதும் இன்னும் குறைங்க."

"கொஞ்சம் கொஞ்சமான்னா எப்படி சார்? ஃபோமுக்கு என்ன சாவி இருக்கா திருகிக் குறைக்க?" என்று எரிந்து விழுந்தேன். வலியில் வந்த கோபம்.

அன்று மாலை நான் குதிகாலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நாளாகப் பேசாமல் இருந்த வீட்டுக்காரர் ஃபோம் அறுக்கிற தன் நீளக் கத்தியை எடுத்துவந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த மெத்தையின் தையலைப் பிரித்தார்.

"எவ்வளவு எடுக்கணும்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எனக்கென்ன தெரியும்? கொஞ்சமா."

அவர் ஃபோமைத் தரையில் படுக்கவைத்து, கண்ணால் மட்டம் பார்த்து, கத்தியை இழுத்தார். ரொட்டித் துண்டு போல ஒரு தகடு தனியாக வந்தது. எங்கேயும் மேடு பள்ளம் இல்லை. நான் துணி வெட்டுகிறவள். நல்ல வெட்டு எது என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த ஆசையை வார்த்தையில் சொன்னால் வெட்கக்கேடு.

"இத்தனை வருஷத்துல ஃபோமைக் கூட்டச் சொல்லித்தான் எல்லாரும் வந்திருக்காங்க. குறைக்கச் சொன்ன மொத ஆளு நீதான்," என்றார்.

"பெருமைதானே?"

"ஒண்ணும் பெருமை இல்ல. காலை நீட்டு, ஷூவுக்கும் அளவு எடுக்கணும்."

அதற்கப்புறம் இது வழக்கமாகிவிட்டது. குதிகால் சொன்னபடி கேட்கத் தொடங்கியதும் ஷூவில் ஒரு தகடு போகும். பிறகு மெத்தையில் ஒரு தகடு போகும். வலி கூடினால் பேசாமல் பழைய கனத்துக்குப் போவோம். நான் டிவி பார்த்தபடி துண்டை இழுப்பேன். அவர், "இடது கால் ஏமாத்துது பாரு," என்று மேஸ்திரி வேலை பார்ப்பார். கட்டைவிரல் ஒருநாள் மதியம், பட்டறையில் சாப்பாட்டு வேளையில், தானாகத் துடித்தது. அப்புறம் ஒரு நூல் உயரம் எழுந்தது. நான் போட்ட சத்தத்தில் நெட்டையன் கையிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டான். என்ன ஏது என்று ஓடிவந்தவர்களிடம் கால்விரலைக் காட்டினேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

முழங்கால் வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாயமந்திரம் நடக்கிற கதை இல்லை இது. ஒருநாள் மாடிப்படியில் இறங்கிக் கீழே வந்தபிறகுதான், கைப்பிடியைப் பிடிக்க மறந்துவிட்டேன் என்பது உறைத்தது. திரும்பிப் படியைப் பார்த்தேன். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அழுதேன்.

யூனிஃபார்ம் துணி வந்து இறங்கியது. சாம்பல் நிறம், மொடமொடப்பான துணி. நெட்டையன் விரித்து அடுக்கியதை ஒரு தரம் சுற்றிவந்து பார்த்தேன். அந்த உயரத்துக்கு நான் வெட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. என் காலுக்கடியில் மெத்தை இப்போது விரல் கனம்தான். குதிகால், கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, மூன்றும் தரையைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டேன். மெஷினைப் போட்டேன்.

காலை முழுவதும் நன்றாகப் போயிற்று. கத்தி துணிக்குள் தண்ணீரில் போவது போலப் போனது. மதியத்துக்குப் பிறகு, தொடை வளைவு வெட்டும்போது, முழங்காலில் அது சுரீரென்றது. என் வயிறு தானாக மேசையை நோக்கிப் போனது. பழக்கம் லேசில் விடுமா? இன்னும் கையளவு வெட்டினால் அந்த வளைவு முடிந்துவிடும். முதலாளியம்மா தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது. நிறுத்தினால் முடியாமல் நிறுத்தினாள் என்பார். நிறுத்தாவிட்டால் சாய்ந்துவிடும்.

மெஷினை நிறுத்தினேன்.

ஷூவைக் கழற்றிவிட்டு, மெத்தையை விட்டு இறங்கி, மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினேன். அவசரப்படாமல், மேலே, கீழே. பாதத்தைக் குழித்துப் பிடித்துப் பார்த்தேன். மொத்தப் பட்டறையும் வேடிக்கை பார்த்தது. பார்த்துக்கொள்ளட்டும். முட்டி அடங்கியதும் திரும்ப ஏறி நின்று, விட்ட இடத்திலிருந்து வெட்டினேன். மாலைவரை அப்படியே, நிறுத்தி நிறுத்தி.

வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் முதலாளியம்மா மேசைக்கு வந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வந்தார். ஒரு கட்டிலிருந்து மேல் துண்டையும் அடித்துண்டையும் உருவி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். வேறொரு கட்டிலிருந்து உருவினார். தொடை வளைவை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"செக்கிங்குக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றார்.

ஜெயித்துவிட்டேன். இந்த நேரத்துக்கென்று நான் ஒரு வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவளைப் பற்றி முடிவு பண்ண உங்களுக்கு என்னக்கா தெரியும் என்று கேட்க வேண்டும். பல் விளக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் போகவில்லை. துண்டுகளைக் கீழே வைக்காமல் நின்றார்.

"இந்த மேசைல மொதல்ல வெட்டினது நான்தான், தெரியுமா?"

"சொல்லிக் கேட்டிருக்கேன்."

"எனக்கும் முட்டிதான். என் அண்ணன் ஒரு நாற்காலிய வாங்கிட்டு வந்து, இனிமே நீ உக்காந்து பாத்துக்கோன்னான். நல்லெண்ணத்துலதான் சொன்னான். உக்காந்த அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் எந்திரிக்கவே இல்ல." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அது ஒன்றும் அழுக்காக இல்லை. "உனக்குப் பாத்த மாதிரி ஒருத்தராவது என் பாதத்தப் பாத்திருந்தா? இன்னைக்கு மத்தியானம் நீ மெஷினை நிறுத்தினப்ப அதத்தான் நினைச்சேன். அதே நாற்காலியத்தான் உனக்கும் போட இருந்தேன்."

என் வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். இத்தனை வருடம் அவரிடம் வேலை செய்திருக்கிறேன், அவர் கால் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. எப்போதும் மூடின ஷூ.

"இந்த வயசுல எனக்கெல்லாம் வருமா அது?" என்று கேட்டார். பட்டறையை நடத்துகிற குரல் இல்லை அது.

"என்கூட பிசியோகிட்ட வாங்க, முட்டியப் பாத்துச் சொல்லுவார். அதுக்கு முன்னாடி உங்க பாதத்த நான் பாக்கறேன். உக்காருங்கக்கா."

"மறுபடியும் உக்காரவா?"

"எந்திரிக்கத்தான்," என்றேன். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்ததும் நான் துணிப் பிசிருக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவருடைய ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.